கண்ணை மூடிக்கிட்டு உட்காருங்க

அந்தக் கண் ஆஸ்பத்திரியின் புறநோயாளிகள் பிரிவில் அவளுக்கு இரண்டு பெயர்கள். முகத்துக்கு நேராக சிஸ்டர். முதுகுக்குப் பின்னால் 'அஞ்சு நிமிஷம்'. டாக்டர் எப்போது வருவார் என்று யார் கேட்டாலும், எத்தனை தடவை கேட்டாலும், "அஞ்சு நிமிஷத்துல வந்துடுவாரு" என்பதுதான் அவள் பதில். அந்த அஞ்சு நிமிஷத்தில் ஒருத்தர் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டு, திரும்பி வந்துவிடலாம். அப்படி வந்தவர்களும் உண்டு. அப்போதும் டாக்டர் வந்திருக்கவில்லை.

டாக்டருக்கும் நர்ஸுகள் ஒரு பெயர் வைத்திருந்தார்கள்: மழை. எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. வந்துவிட்டால் தங்கமான டாக்டர், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சிரித்த முகமாகப் பேசுவார், அவசரப்படாமல் பார்ப்பார். ஹால் முழுக்கக் கொதித்துக்கொண்டிருந்த ஜனம் அவர் சிரிப்பைப் பார்த்ததும் அடங்கிவிடும். அதற்கு முன்னால் அவருக்குச் சேர வேண்டிய திட்டையெல்லாம் வாங்கிக் கட்டிக்கொண்டவள் இவள். அது அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள அவர் எப்போது அங்கே இருந்தார்?

அவள் கெட்டவள் இல்லை. ஆனால் யாரையும் நம்ப மாட்டாள். இத்தனை வருஷம் அந்த ஹாலில் நின்றால் யாருக்கும் அப்படித்தான் ஆகும். "பஸ்ஸு போயிடும் சிஸ்டர்" என்கிறவர் டாக்டரைப் பார்த்துவிட்டு வாசலில் நின்று ஊர்க்கதை பேசுவார். நொண்டிக்கொண்டு வந்து முன்னால் இடம் பிடித்தவர் போகும்போது இரண்டிரண்டு படியாக இறங்குவார். தூங்கிக்கொண்டிருக்கிற குழந்தையைக் கிள்ளி அழவைத்து, "குழந்த அழுவுது, மொதல்ல பாத்துடுங்க" என்று கேட்ட தாயும் உண்டு. வலிக்கிறது என்று ஒருத்தர் சொன்னால் அவள் முதலில் அவர் முகத்தைப் பார்ப்பதில்லை; அவருக்கு முன்னால் இன்னும் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்றுதான் பார்ப்பாள். வரிசையின் கடைசியில் இருப்பவருக்குத்தான் வலி அதிகமாக இருக்கும் என்பது அவள் கண்டுபிடிப்பு.

கோபத்தை அடக்க அவளிடம் பல வித்தைகள் இருந்தன. சத்தம் போடுகிறவரை உள்ளே கூப்பிட்டு எடை பார்ப்பாள். கண் நோய்க்கு எடை எதற்கு என்று இதுவரை ஒருவர்கூடக் கேட்டதில்லை. உள்ளே கூப்பிட்டார்களே என்ற திருப்தியிலேயே பாதிக் கோபம் போய்விடும். அதற்கும் மசியாதவரிடம், "ஐயா, நீங்கதான் விவரமானவரு, வரிசைல யாரும் பூந்துடாம பாத்துக்கோங்க" என்று பொறுப்பைக் கொடுத்துவிடுவாள். அப்புறம் அவர் மற்றவர்களோடு சண்டை போட்டுக்கொண்டிருப்பார். வாசலுக்கு மேலே இருந்த கடிகாரத்தை வெள்ளையடிக்கிறார்கள் என்று சொல்லிக் கழற்றி உள்ளறையில் மாட்டினாள். வெள்ளையடித்து எத்தனையோ காலம் ஆகிறது, கடிகாரம் மட்டும் திரும்பி வரவில்லை.

ஆனால் பிரம்மாஸ்திரம் ஒன்று இருந்தது. அதுதான் சொட்டு மருந்து.

கண்ணின் உள்பக்கத்தைப் பார்க்க வேண்டுமானால் கண்மணியை விரியவைக்க வேண்டும். அதற்கான மருந்தை விட்டால் முதலில் எரியும், பிறகு எல்லாம் மங்கும். "கண்ணை மூடிக்கிட்டு உட்காருங்க, தொறந்தா மருந்து வெளிய வந்துடும்" என்று சொல்லிவிட்டால் போதும். கண்ணை மூடியவருக்குக் கைக்கடிகாரம் தெரியாது, எழுந்து வீட்டுக்குப் போகவும் முடியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, கண்ணை மூடிக்கொண்டு சண்டை போடுவது மனிதர்களுக்கு அவ்வளவாக வருவதில்லை. மழை தாமதமாகும் நாட்களில் ஹாலில் ஆளுக்கொரு பஞ்சைக் கன்னத்தில் ஒட்டிக்கொண்டு வரிசையாகக் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார்கள். பள்ளிக்கூடத்துப் பிரார்த்தனை நேரம் போல அமைதியாக இருக்கும்.

இதில் ஒரே ஒரு கண்டிப்பு உண்டு. பழைய நோயாளிகளுக்கு அவளே விடலாம். புதிதாக வந்தவருக்கு மட்டும் டாக்டர் ஒருமுறை பார்த்து, விடலாம் என்று சொன்ன பிறகுதான் விட வேண்டும். சில பேருக்குக் கண்ணுக்குள் நீர் வடிகிற வழி பிறவியிலேயே குறுகலாக இருக்கும். கண்மணி விரிந்தால் அந்த வழி அடைத்துக்கொள்ளும், நீர் தேங்கி அழுத்தம் ஏறும், கவனிக்காமல் விட்டால் பார்வையே போய்விடும். அவளுக்கு இது பாடமாகத் தெரியும். கண்ணால் பார்த்ததில்லை. அந்தக் கண்டிப்பை மட்டும் அவள் ஒருநாளும் மீறியதில்லை, நாத்தனார் வந்த அன்று வரைக்கும்.

அன்றைக்கு மழையைக் காணவே காணோம். முன்வரிசையில் ஓய்வுபெற்ற கண்டக்டர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். பழைய நோயாளி. அவர் கண்ணிலும் மருந்து விட்டாயிற்று. ஆனால் வாய்க்கு மருந்து ஏது?

"என்னம்மா, உங்க அஞ்சு நிமிஷம் இன்னும் முடியலையா?"

"தியேட்டர்ல இருக்காருய்யா. ஆபரேஷன். பாதியில விட்டுட்டு வர முடியுமா?"

"போன தடவையும் தியேட்டர்னுதான் சொன்னீங்க. தியேட்டர் மாடியில இருக்கு. அவரு என்னடான்னா ரோட்டுல இருந்து வேர்த்து விறுவிறுத்து உள்ள வந்தாரு. 'வண்டி இப்பக் கெளம்பிடும்'னு சொல்லியே காலத்த ஓட்டினவன் நான். எங்கிட்டயே பூ சுத்துறீங்களே!"

கண்ணை மூடியிருந்த ஹால் சிரித்தது. அவளுக்கு முகம் சுருங்கிவிட்டது. அந்த ஆள் சொன்னதையே அவளும் பல நாளாக நினைத்துக்கொண்டிருந்தாள் என்பதுதான் கொடுமை. அவர் எங்கேதான் போகிறார்? கேட்க வாய் வரும். சம்பளம் வாங்குகிற வாய் உடனே மூடிக்கொள்ளும்.

அந்த நேரம் பார்த்துத்தான் வாசலில் நாத்தனாரின் குரல் கேட்டது.

"அண்ணி! நான் வந்துட்டேன்!"

கணவரின் தங்கை, அடுத்த தெருவில் குடியிருப்பவள். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது, ஐம்பதைத் தொட்டாயிற்று. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஒருத்தியை ஒருத்தி கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கவனித்து வந்தவர்கள். நாத்தனாருக்கு இவள் மனதில் வைத்திருந்த பெயர் 'மகாராணி'. மகாராணிக்கு ஒரு தலைவலி உண்டு. இவள் வீட்டுக்கு விருந்தாளிகள் வந்து, சாப்பாடு முடிந்து, சாயங்காலம் விளக்குப் போட்டு, தொட்டியில் பாத்திரம் மலையாகக் குவிகிற நேரத்தில் அது வரும். "தல வலிக்குது அண்ணி, விளக்கச் சுத்திக் கலர் கலரா வளையம் தெரியுது" என்று கையால் கண்ணைப் பொத்திக்கொண்டு படுத்துவிடுவாள். கடைசிப் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்த பிறகு எழுந்து வந்து, "இப்பக் கொஞ்சம் பரவால்ல" என்பாள். வளையமாம், கலராம்! பொய்க்கு ஜரிகை வேறு என்று இவள் பல்லைக் கடிப்பாள்.

"போன் பண்ணிட்டு வரக்கூடாதா?" என்றாள் பல்லிடுக்கில்.

"பண்ணியிருந்தா வராதன்னு சொல்லியிருப்பீங்க. அந்தத் தலைவலிதான் அண்ணி, இப்ப அடிக்கடி வருது. கண்ணு டாக்டரப் பாருன்னு பக்கத்து வீட்டுல சொன்னாங்க. எங்க அண்ணி அங்கதான் இருக்காங்க, நேரா உள்ள கூட்டிட்டுப் போயிடுவாங்கன்னு சொல்லிட்டு வந்தேன்."

கடைசி வாக்கியம் ஹால் முழுவதற்கும் கேட்டது. கண்டக்டர் மூடிய கண்ணோடு நிமிர்ந்தார்.

"அதான பாத்தேன்! சொந்தக்காரங்க வந்தாச்சு. இனிமே பின்வாசல் தொறக்கும் பாருங்க."

நாலைந்து குரல்கள் சேர்ந்துகொண்டன. காலையிலிருந்து காத்திருக்கிற நாங்கள் என்ன முட்டாள்களா என்று ஒரு கிழவர் கைத்தடியைத் தரையில் தட்டினார். அவளுக்குச் சுருக்கென்று ஏறியது. அத்தனை வருஷத்தில் காசு வாங்கினாள், வேண்டியவர்களை முன்னால் விட்டாள் என்று ஒரு சொல் வாங்காதவள்.

"இங்க யாருக்கும் பின்வாசல் கெடையாது. சொந்தமா இருந்தாலும் சரி, யாரா இருந்தாலும் சரி, ஒரே வரிசை, ஒரே மருந்து" என்று சத்தமாகச் சொல்லி, நாத்தனாரைக் கண்டக்டர் பக்கத்தில் இருந்த இடத்தில் உட்காரவைத்தாள். தலையைப் பின்னால் சாய்த்தாள். இரண்டு கண்ணிலும் சொட்டு விட்டாள்.

கை அதுபாட்டுக்குச் செய்துவிட்டது என்று பிற்பாடு தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். அது உண்மையில்லை. புது நோயாளி என்று அவளுக்குத் தெரியும். ஹால் வாயை அடைக்க வேண்டும், மகாராணி வாயையும் அடைக்க வேண்டும். ஒரே சொட்டில் இரண்டும் ஆயிற்று.

"எரியுது அண்ணி."

"எல்லாருக்கும் எரியும். கண்ணை மூடிக்கிட்டு உட்காரு."

நேரம் போயிற்று. மழை வரவில்லை. விட்ட மருந்து இறங்கிவிடுமே என்று எல்லோருக்கும் இன்னொரு சுற்று விட்டாள், நாத்தனாருக்கும் சேர்த்து. மத்தியானம் தாண்டியது.

"அண்ணி, வலது பக்கம் தல தெறிக்குது."

"ம்."

"கண்ணப் புடுங்கற மாதிரி இருக்கு அண்ணி. சும்மா சொல்லல."

சும்மா சொல்லல என்கிறவர்கள்தான் சும்மா சொல்வார்கள். நாத்தனாருக்கு முன்னால் எத்தனை பேர் என்று பார்த்தாள். நிறையப் பேர் இருந்தார்கள். சரிதான், என்று நினைத்துக்கொண்டாள். இங்கே கழுவப் பாத்திரம் இல்லை, அதனால் வரிசைக்குத் தலைவலி.

"காலைல சாப்ட்டியா?"

"சாப்ட்டேன். கொமட்டுது."

"வெறும் பயம்தான். தண்ணி குடி."

அதன்பிறகு நாத்தனாரிடமிருந்து சத்தமே இல்லை. அவள் நிம்மதியாக ஒரு பாட்டிக்குப் பஞ்சு மாற்றினாள், இரண்டு பேருக்கு எடை பார்த்தாள். அப்புறம் ஏதோ உறுத்தியது. முப்பது வருஷமாக அந்த வாய் இவ்வளவு நேரம் சும்மா இருந்து அவள் பார்த்ததில்லை. இதென்ன புது நாடகம் என்று திரும்பிப் பார்த்தாள்.

நாத்தனாரின் தலை கண்டக்டரின் தோளில் சாய்ந்து கிடந்தது.

பஸ்ஸில் பக்கத்து சீட்டில் ஆண் உட்கார்ந்தால் எழுந்து நின்றுகொண்டே வருகிற பெண் அவள். சொந்த அண்ணன் தோளில்கூடச் சாய்ந்து யாரும் பார்த்ததில்லை. கண்டக்டர் அசையாமல், கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார்.

"அம்மா, இவங்களுக்கு ஒடம்பு சில்லுன்னு இருக்கு. நான் என்னமோ சொன்னேன்னு நெனைக்காதீங்க, மொதல்ல இவங்களப் பாருங்க" என்றார்.

அவள் ஓடிப்போய் வலது கண்ணைத் திறந்தாள். கண் ரத்தமாகச் சிவந்திருந்தது. கருவிழி, வெந்நீர் போட்ட குளியலறைக் கண்ணாடி மாதிரி ஆவி படிந்து கிடந்தது. டார்ச் அடித்தாள். பாதி விரிந்த கண்மணி அசையவில்லை. இமைக்கு மேல் விரலை வைத்து மெல்ல அழுத்தினாள். கண் கோலிக்குண்டு மாதிரி கல்லாக இருந்தது.

பாடத்தில் படித்தது அத்தனையும் கைக்குக் கீழே இருந்தது. விளக்கைச் சுற்றிக் கலர் வளையம் என்பதும் அதே பாடத்தில், அதே பக்கத்தில் இருந்ததுதான். எந்த நோயாளி வந்து சொல்லியிருந்தாலும் அவளுக்கு உடனே பொறி தட்டியிருக்கும். நாத்தனார் சொன்னதால் தட்டவில்லை.

டாக்டருக்குப் போன் போட்டாள். கடவுளே எடுக்கட்டும் என்று வேண்டிக்கொண்டாள். எடுத்தார்.

"டாக்டர், ஒரு அவசரம், உடனே வரணும், கண்ணு கல்லா இருக்கு..."

"வந்துகிட்டே இருக்கேன் சிஸ்டர். அஞ்சு நிமிஷம்."

அவர் குரலுக்குப் பின்னால், அவர் இருந்த இடத்தில், யாரோ ஒருத்தி டோக்கன் நம்பர் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அந்தக் குரலில் இருந்த சலிப்பு இவளுக்கு நன்றாகத் தெரிந்த சலிப்பு. அங்கேயும் ஒரு ஹால். அங்கேயும் ஒருத்தி திட்டு வாங்கிக்கொண்டிருக்கிறாள்.

அஞ்சு நிமிஷம் என்றால் எவ்வளவு நேரம் என்று அவளைவிட யாருக்குத் தெரியும்? போனை வைத்தாள். சக்கர நாற்காலியை இழுத்து வந்தாள். கண்டக்டரும் ஒரு கை பிடித்து நாத்தனாரைத் தூக்கி உட்காரவைத்தார். லிஃப்டில் ஏற்றி, மாடியில் ஆபரேஷன் தியேட்டர் வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போய், யாரும் தட்டக்கூடாத அந்தக் கதவைப் படபடவென்று தட்டினாள்.

பெரிய டாக்டரம்மா முகமூடியோடு வெளியே வந்தார். திட்ட வாயெடுத்தவர் நாத்தனாரின் கண்ணைப் பார்த்ததும் குனிந்துவிட்டார்.

"யாரு மருந்து விட்டது? பாத்துட்டுத்தான விட்டாங்க?"

இந்த மாதிரிக் கேள்விக்குப் பதில் தயாராக வைத்திருக்கிறவள் அவள். வரும்போதே இப்படித்தான் இருந்தது என்று சொல்லலாம். பழைய நோயாளி என்று நினைத்தேன் என்று சொல்லலாம். டாக்டர் போனில் சொன்னார் என்றுகூடச் சொல்லலாம். மழை மறுக்க மாட்டார், மறுத்தால் அவர் எங்கே இருந்தார் என்ற கேள்வி வரும். எல்லாப் பொய்களும் நாக்கு நுனியில் வரிசையாக வந்து நின்றன. நாற்காலியில் நாத்தனார் கண்ணை மூடிக் கிடந்தாள். காது திறந்துதான் இருக்கும்.

"நான்தான் மேடம் விட்டேன். யாரும் பாக்கல, யாரும் சொல்லல. ரெண்டு தடவ விட்டேன். வலிக்குதுன்னு சொன்னா, நான் நம்பல."

டாக்டரம்மா அவளை ஒரு நொடி நிமிர்ந்து பார்த்தார். பிறகு வேலையைப் பார்த்தார். கையில் ஊசி ஏறியது, கண்ணில் வேறு மருந்துகள் விழுந்தன. சாயங்காலம் வரை அவள் அந்தக் கட்டிலின் பக்கத்திலேயே நின்றாள். நிமிஷத்துக்கு நிமிஷம் இமை மேல் விரல் வைத்துப் பார்த்தாள். கல் கொஞ்சம் கொஞ்சமாக இளகியபோது, சுவர்ப் பக்கம் திரும்பி நின்று அழுதாள்.

கண் தப்பித்தது. ஓரப் பார்வையில் கொஞ்சம் மங்கல், அவ்வளவுதான். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் வலது கண் போயிருக்கும் என்றார் டாக்டரம்மா. பிறகு ஒருநாள் இரண்டு கண்ணிலும் லேசரில் ஊசிமுனை அளவு வழி திறந்துவிட்டார்கள். இனி இந்த அடைப்பு வராது என்றார்கள். அஞ்சு நிமிஷத்தை ஹாலை விட்டு மாற்றி, கருவிகளைக் கொதிக்கவைக்கும் அறைக்கு அனுப்பினார்கள். மழைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகாது. கொஞ்ச நாளைக்கு நேரத்துக்கு வந்தார், பிறகு பழையபடி ஆனார்.

சில மாதங்கள் கழித்து அவளை மறுபடி ஹாலுக்கே கொண்டுவந்தார்கள். வேறு யாராலும் அந்த ஜனத்தைச் சமாளிக்க முடியவில்லை. இப்போது, "எப்ப வருவாருன்னு எனக்கும் தெரியாதுங்க" என்று சொல்கிறாள். கடிகாரம் வாசலுக்கு மேலே திரும்பி வந்துவிட்டது. திட்டு முன்னைவிட அதிகமாகத்தான் விழுகிறது. கண்டக்டர் மட்டும், "இந்தம்மா சொன்னா நம்பலாம்" என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறார். அவர் அப்படிச் சொல்லும்போதெல்லாம் அவளுக்கு உடம்பு கூசுகிறது.

வீட்டில்தான் அவளுக்கு நிம்மதி போயிற்று. தியேட்டர் வாசலில் அவள் சொன்னதை நாத்தனார் கேட்டாளா, இல்லையா? அண்ணனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொந்தபந்தத்தில் யார் கேட்டாலும், "எங்க அண்ணி மட்டும் இல்லன்னா என் கண்ணு போயிருக்கும்" என்கிறாள். கேட்கிறவர்கள் இவளைக் கையெடுத்துக் கும்பிடாத குறை. நிஜமாகவே கேட்கவில்லையோ? இல்லை, கேட்டுவிட்டு, சமயம் வரட்டும் என்று முடிந்து வைத்திருக்கிறாளோ? மகாராணி எதையும் இலவசமாகக் கொடுத்து அவள் பார்த்ததில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு விருந்தாளிகள் வந்தார்கள், நாத்தனாரும் வந்தாள். சாப்பாடு முடிந்தது. சாயங்காலம் ஆனது, விளக்குப் போட்டார்கள், தொட்டியில் பாத்திரம் மலையாகக் குவிந்தது.

"அண்ணி, தல வலிக்குது."

அவள் கையில் தேய்க்கிற நாரோடு திரும்பினாள். நாத்தனார் கண்ணைப் பொத்திக்கொண்டு கட்டிலில் சாய்ந்திருந்தாள். பொய். நூற்றுக்கு நூறு பொய் என்று உள்ளே ஒரு குரல் சொன்னது. லேசர் போட்டாயிற்று, அடைப்பு வராது என்று டாக்டரம்மாவே சொன்னதை இரண்டு பேரும் சேர்ந்துதான் கேட்டார்கள். ஆனாலும் கால் நிற்கவில்லை. கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, கைப்பையிலிருந்து டார்ச்சை எடுத்து வந்தாள். இமையைத் தூக்கி வெளிச்சம் காட்டினாள். கண்மணி சட்டென்று சுருங்கியது. இமை மேல் விரல் வைத்தாள். மெத்தென்று இருந்தது.

"என்ன அண்ணி, நம்பலையா?"

"நம்பறேன்." வெகு நாளாகக் கேட்க நினைத்ததைக் கேட்டாள். "முன்னாடியெல்லாம் வருமே, பாத்திரம் கழுவற நேரத்துல. அது நெஜமாவே வலிச்சுதா?"

நாத்தனார் தலையணையைச் சரிசெய்துகொண்டாள்.

"சில நாளு நெஜம். சில நாளு பொய். எது எதுன்னு இப்ப எனக்கே ஞாபகம் இல்ல அண்ணி. நெஜமா வலிச்ச அன்னிக்கும் நீங்க நம்பல. நீங்களே டாக்டரம்மாகிட்ட சொன்னீங்களே."

தியேட்டர் வாசலில் காது திறந்துதான் இருந்தது என்று அப்போது தெரிந்தது. அவள் நாத்தனார் முகத்தில் வெளிச்சம் படாதபடி விளக்கை அணைத்தாள்.

"படுத்துக்க. அஞ்சு நிமிஷம் கழிச்சு வந்து மறுபடி பாக்கறேன்."

சமையலறைக்குப் போய்ப் பாத்திரம் தேய்த்தாள். எதிர்ச் சுவரில் கடிகாரம் இருந்தது. தேய்த்துக்கொண்டே அதைப் பார்த்தாள். பாதிப் பாத்திரத்தை அப்படியே போட்டுவிட்டு, ஈரக்கையோடு டார்ச்சை எடுத்துக்கொண்டு கட்டிலருகே போய் நின்றாள்.

நாத்தனார் ஒரு கண்ணை மட்டும் திறந்து, அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"என்ன அண்ணி, நெஜமாவே அஞ்சு நிமிஷத்துல வந்துட்டீங்க?" என்று சந்தேகமாகக் கேட்டாள்.